கடலோரத்து வீட்டில் குட்டித் தக்காளி: செடி காட்டும் குறியும் செய்ய வேண்டியதும்

எங்கள் வீடு இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கம். கொல்லைக் கதவைத் திறந்தால் மணல், நாலைந்து பனை, அப்புறம் கடல்தான். இங்கே நாட்டுக் குட்டித் தக்காளி வைத்து எட்டு வருடம் ஆகிறது. விதை எங்கள் அப்பத்தா வீட்டு எருக்குழியில் தானாக முளைத்துக் கிடந்த கொடியில் எடுத்தது. கோலிக்குண்டு அளவு பழம், தோல் மெலிசு, புளிப்பு தூக்கல். மீன் குழம்பில் பத்துப் பழத்தைப் பிசைந்து விட்டால் வழக்கமாகக் கரைக்கிற புளியில் பாதி போதும். தக்காளியே தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த செடிதான், ஆனாலும் விதையை எடுத்து வைத்து மறுபடி போட்டால் தாய்ச்செடி மாதிரியே வருகிறதே, அந்த அர்த்தத்தில் இதை நாட்டு விதை என்று சொல்கிறோம்.

செடி சாகிறபோதெல்லாம் நான் முதலில் பூச்சியையும் நோயையும்தான் சந்தேகப்பட்டேன், மருந்துக்கடையில் என்ன கொடுத்தாலும் வாங்கி அடித்தேன். பிறகு ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்ததில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருந்த உப்பு, மீதியில் பெரும்பங்கு காற்றும் பருவமும். ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செம்மண் தோட்டத்துக்குச் சொல்கிற பக்குவத்தை அப்படியே தூக்கி இந்த மணலில் வைத்தால் நடக்காது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டி இருக்கிற யாருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

எந்தக் குறியைப் பார்ப்பதற்கு முன்னாலும் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற, பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, செடிக்கு ஊற்றுகிற தண்ணீரை அளந்துவிடுங்கள். 1000-க்குள் (பிபிஎம் கணக்கு, அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) காட்டினால் தைரியமாக ஊற்றலாம். 1000-லிருந்து 2000 வரை என்றால் மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ கலந்துதான் ஊற்ற வேண்டும். 2000-க்கு மேல் போனால் தொட்டிச் செடிக்கு அதை ஊற்றவே ஊற்றாதீர்கள், ஏனென்றால் தொட்டியில் தண்ணீர் மட்டும் ஆவியாகப் போகிறது, உப்பு அங்கேயே தங்கி நாளுக்கு நாள் கூடுகிறது. ஒருமுறை அளந்துவிட்டு விட்டுவிடவும் கூடாது. மணலுக்குள் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, கீழே கடல் தண்ணீர். அதனால்தான் கை ஊற்றில் இனிப்பாக இருக்கிற இடத்திலேயே ஆழமாக போர் இறக்கினால் கரிக்கிறது. எங்கள் கிணறு தை மாதம் 900 காட்டியது, அதே கிணறு வைகாசியில் 1700. மாதம் ஒரு தடவை அளந்து சுவரில் எழுதி வையுங்கள்.

விதை முளைக்கவில்லை, முளைத்ததும் சாய்ந்துவிடுகிறது

நல்ல விதை இந்த ஊர்ச் சூட்டில் ஐந்து நாளிலிருந்து எட்டு நாளைக்குள் தலை காட்டிவிடும். பத்து நாளாகியும் இல்லையென்றால் விதை பழசு, அல்லது தென்னை நார்த்தூள் உப்பு. நார்த்தூள் கட்டியை ஊறவைத்த தண்ணீரில் மீட்டரைப் போட்டுப் பாருங்கள், சில கட்டிகளில் அது உங்கள் கிணற்றுத் தண்ணீரையே மிஞ்சும். மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் விதை போட வேண்டும். முளைத்த நாற்று மண்ணை ஒட்டின இடத்தில் நூல் மாதிரி மெலிந்து சாய்ந்தால் அது ஈரம் கூடி வருகிற நாற்றழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. மீதிக்குக் காற்றோட்டம் கொடுத்து, மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் தெளித்தால் நிற்கும். அடுத்த முறை விதைப்பதற்கு முன்னால் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடியை விதையில் புரட்டிப் போடுங்கள், ஒரு கிலோவுக்கு 4 கிராம் கணக்கு, நம் வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை.

இலை ஓரம் கருகுகிறது

இங்கே அதிகம் பார்க்கிற குறி இதுதான், இதில் இரண்டு வகை இருக்கிறது. பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை காற்று. செடியைச் சுற்றி வந்து பாருங்கள். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் தீயில் வாட்டியது போல ஓரம் சுருண்டு பழுப்பாகி, மறுபக்கம் பச்சையாகவே இருந்தால் அது உப்புக்காற்று. சந்தேகமாக இருந்தால் அந்தப் பக்கத்து ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அதே உப்புதான் இலைமேலும் படிந்திருக்கிறது. வடகடல் (பாக் நீரிணை) பக்கம் வீடு உள்ளவர்களுக்கு வாடை அடிக்கிற மாதங்களில் இது வரும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் உள்ளவர்களுக்குச் சோளகமும் கச்சானும், அதாவது தெற்கு, மேற்குத் திசைக் காற்றுகள், பிடித்த பிறகு வரும். காற்று பலமாக அடித்த நாளில் சாயங்காலம் நல்ல தண்ணீரைப் பூவாளியில் எடுத்து இலையைக் கழுவி விட்டால் போதும், ஒரு வாளியில் ஏழெட்டுச் செடி கழுவலாம். நிரந்தரத்துக்கு மறைப்பு வேண்டும். சுவர் கட்டாதீர்கள், சுவரில் மோதுகிற காற்று மேலேறிச் சுழன்று செடிமேலேயே விழுகிறது. பனைமட்டை வேலி கொஞ்சம் சந்து விட்டுக் கட்டினால் காற்று வடிகட்டி வரும். வேலி செடி உயரத்துக்கு ஒரு முழமாவது கூட இருக்கட்டும்.

இரண்டாவது வகை வேர் வழியாக ஏறுகிற உப்பு. இது பக்கம் பார்க்காது, அடி இலையிலிருந்து ஆரம்பித்து ஓரம் மட்டும் காய்ந்து மேலே மேலே ஏறும். தொட்டியைக் கொஞ்சம் தூக்கி அடி ஓட்டையைப் பாருங்கள், வெள்ளையாக மாவு பூத்திருக்கும். மண் தொட்டியானால் வெளிச்சுவரிலேயே பூத்திருக்கும். செடி காலையிலேயே வாடினது போல நிற்கும், நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே உப்புத் தண்ணீரை இன்னும் ஊற்றுவோம்.

இதற்கு ஒரே வழி உப்பைக் கழுவி இறக்குவது. 20 லிட்டர் தொட்டிக்கு 40 லிட்டர் நல்ல தண்ணீராவது மெதுவாக ஊற்றி அடியில் வழிய விட வேண்டும். குடத்துக்குக் காசு கொடுக்கிற ஊரில் இதை யார் செய்வார்கள் என்று கேட்பீர்கள், நியாயம்தான். நான் செய்வது இது: மேல்மண் இரண்டு விரற்கடையை உப்போடு சுரண்டி எடுத்துத் தூர எறிந்துவிட்டு, சலித்த மக்கின எருவும் கண்மாய்க் கரம்பையும் (கண்மாயில் படிகிற வண்டல் மண்) கலந்து நிரப்பி, மேலே வைக்கோலோ நறுக்கின பனையோலையோ மூடாக்குப் போடுவது. மூடாக்கு இருந்தால் ஆவியாவது குறையும், மேலே உப்பு ஏறுவதும் குறையும். ஐப்பசி மழை வந்ததும் பழைய தொட்டிகளை எல்லாம் வெட்டவெளியில் எடுத்து வைத்துவிடுவேன், மழை இலவசமாகக் கழுவித் தரும். கரம்பை எடுக்கும்போதும் ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து அளந்து பார்த்துவிடுங்கள், சில கண்மாயில் அதுவும் உப்பு.

பக்கத்து வீட்டு மதினி செடி ஒரு வாரத்தில் கருகிப் போனது, காரணமே பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் கருவாடு கழுவின தண்ணீரைச் சத்து என்று தினமும் அடியில் ஊற்றியிருக்கிறார். கருவாட்டுத் தண்ணீர், வடித்த கஞ்சியில் உப்புப் போட்டது, கேன் தண்ணீர் மெஷினிலிருந்து கழிவாக வெளியே போகிற தண்ணீர், மூன்றும் கூடாது. அரிசி களைந்த தண்ணீர் நல்லது. கரையில் ஒதுங்கின பாசியை மூடாக்காகப் போட ஆசைப்பட்டால் ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் நனையவிட்ட பிறகு போடுங்கள். மீன் கழிவில் வெல்லம் சம எடை சேர்த்து 21 நாள் வைக்கிற மீன் அமிலம் போடலாம், ஆனால் பச்சை மீன் செதிலும் குடலும்தான் எடுக்க வேண்டும், உப்புப் பட்டது வேண்டாம். லிட்டருக்கு 5 மில்லி போதும்.

பூ வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை

“அக்கா, பூவாப் பூத்துத் தள்ளுது, ஒரு பிஞ்சு நிக்க மாட்டேங்குது.” மாசி பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். பூக்காம்பின் நடுவில் முழங்கை மாதிரி ஒரு மூட்டு இருக்கும், அந்த மூட்டு மஞ்சளாகிப் பூ அங்கேயே ஒடிந்து விழும். பூச்சி எதுவும் இருக்காது.

தக்காளிக்குப் பகல் சூட்டைவிட இராத்திரிச் சூடுதான் பிரச்சினை. இரவு 15-லிருந்து 20 டிகிரி இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். இரவு 24-க்கு மேலும் பகல் 35-க்கு மேலும் போனால் மகரந்தம் வீணாகிறது, பூ உதிர்கிறது. நம் கடலோரத்தில் மார்கழி இராத்திரியிலேகூட 22, 23-க்குக் கீழே இறங்குவது அபூர்வம், கடல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெரிய தக்காளி இங்கே திணறுவதும் குட்டித் தக்காளி பிழைப்பதும் இதனால்தான், குட்டி ரகம் கொஞ்சம் கூடுதல் சூட்டிலும் பிஞ்சு பிடிக்கும். ஆனாலும் அதற்கும் எல்லை உண்டு.

ஆகவே மருந்து நாள்காட்டியில் இருக்கிறது. ஐப்பசி நடுவில் மழை படாத இடத்தில் தட்டில் விதை போடுங்கள். 25, 30 நாளில் நாற்று ஒரு சாண் உயரம் வரும். கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்ந்ததும் நடுங்கள். மார்கழிக் கடைசியில் பூ வரும், தை முழுக்கப் பிஞ்சு பிடிக்கும், மாசி பங்குனியில் பழம். ஆடியில் விதைத்துவிட்டுப் பூ உதிர்கிறது என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்க்கிறேன், அவர்கள் செடிமேல் குற்றமே இல்லை.

சரியான மாதத்தில் நட்டும் உதிர்கிறதா? அப்போது காற்றின் ஈரத்தைப் பாருங்கள். கடலோரத்துக் காலைக் காற்றில் ஈரம் கூடுதல், மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது. காலை எட்டு மணிக்குத் தட்டினால் பயனில்லை, பத்து மணிக்கு மேல் பனி உலர்ந்ததும் பூக்கொத்துக்குப் பின்னால் காம்பில் ஆள்காட்டி விரலால் நாலு சுண்டு சுண்டுங்கள். கறுப்புத் துணியை அடியில் பிடித்தால் மஞ்சள் பொடி விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். தேனீ இந்தப் பூவுக்கு அவ்வளவாக உதவாது, பூவைப் பிடித்து அதிர்கிற கருவண்டு வந்தால்தான் வேலை நடக்கும். முருங்கையும் அகத்தியும் பக்கத்தில் இருந்தால் கருவண்டு வரும். இன்னொன்று, இலை கரும்பச்சையாகக் கொழுத்துத் தண்டு பெருவிரல் கனத்துக்கு இருந்து பூ உதிர்ந்தால் எரு கூடிவிட்டது. ஆட்டுப் புழுக்கையைப் புதிதாகப் போட்டிருப்பீர்கள். நிறுத்துங்கள்.

இலை சுருள்கிறது

அடி இலை மேல்நோக்கிக் குழாய் போலச் சுருண்டு, தடித்து, ஆனால் பச்சையாகவே இருந்தால் அது வெயிலுக்குச் செடி தன்னைக் காத்துக்கொள்வது. ஒன்றும் செய்ய வேண்டாம், மத்தியானத்தில் தென்னங்கீற்று நிழல் கொடுத்தால் நல்லது.

நுனி இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மடங்கி, செடி வளராமல் குத்துச்செடி போல நின்றால் அது இலைச்சுருள் நச்சுநோய். வெள்ளை ஈ கொண்டு வருகிறது. செடியைத் தட்டினால் வெள்ளைத் தூள் மாதிரிப் பறக்கும். இதைக் குணமாக்குகிற மருந்து எதுவும் கிடையாது, யார் எதைச் சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள். செடிமேல் ஒரு சாக்குப்பையைக் கவிழ்த்து, ஈ பறக்காமல் அப்படியே பிடுங்கி எரித்துவிட வேண்டும். மனசு வராது, எனக்கும் வரவில்லை. பூ விட்டிருந்த செடி ஒன்றை இரண்டு வாரம் விட்டு வைத்ததில் வரிசை முழுக்கப் போனது. மிச்சச் செடிக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி காதி சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒரு முறை இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி, சாயங்காலத்தில் மட்டும் அடிக்க வேண்டும். வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை வெந்துவிடும். நாற்றாக இருக்கும்போதே பழைய கொசுவலையால் மூடி வளர்ப்பது இதையெல்லாம் விட மேல்.

புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது

வெள்ளை மணல் உள்ள வீடுகளில் வரும். ஒரு கரண்டி மணலில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சிப்பியும் பவளப்பாறைத் துகளும் கலந்த சுண்ணாம்பு மணல். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. அன்னபேதி உப்பு (இரும்புச் சத்து உள்ள ஃபெரஸ் சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து சாயங்காலம் இலையில் தெளித்தால் ஒரு வாரத்தில் புதுத்துளிர் பச்சையாக வரும். இந்த மணலில் முட்டை ஓடு போடுவது வேண்டாத வேலை, சுண்ணாம்பு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

பச்சையாக இருந்த செடி திடீரென்று தொங்கிவிட்டது

காலையில் நன்றாக நின்று மத்தியானம் தொங்கி, இரவில் மறுபடி நிமிர்ந்தால் வெயில், பயமில்லை. நிமிரவே இல்லையென்றால் தண்டை அடியில் அறுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து அறுத்த முனையை அதில் அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முனையிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று இழைந்து இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் அடுத்த சில வருடங்களுக்கு வைக்காதீர்கள், தொட்டி மண்ணானால் கொட்டிவிடுங்கள், அரிவாளைக் கொதிநீரில் கழுவுங்கள். நூல் இறங்காமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்து, இலையும் ஒரு பக்கமாக மஞ்சளாகி வந்திருந்தால் அது பூஞ்சாண வாடல்.

மெதுவாக இளைத்து, எவ்வளவு எரு போட்டும் தேறாத செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் ஜவ்வரிசி கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. மணல் மண் அதற்குச் சொந்த வீடு மாதிரி. சித்திரை வெயிலில் பாத்தியை நனைத்துக் கண்ணாடித்தாள் போர்த்தி ஒரு மாதம் மூடி வைத்து, பிறகு செண்டுப்பூ ஒரு போகம் போட்டு, நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குப் போட்டதில் எங்கள் வடக்குப் பாத்தி மீண்டது.

பழத்தில் வருகிற குறைகள்

வெடிப்பு: தோல் மெலிசான நாட்டு ரகத்தில் இதை முழுக்கத் தடுக்க முடியாது. காய்ந்து கிடந்த வேர் திடீர் மழையைக் குடித்ததும் பழம் உள்ளே ஊதித் தோல் தெறிக்கிறது. தையில் மேகம் கட்டினால் நிறம் மாறத் தொடங்கினதை எல்லாம் பறித்துவிடுங்கள், வீட்டுக்குள் நிழலில் பழுக்கும்.

சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறது: பங்குனிச் சூடு. 32 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறம் ஊறுவது நின்றுவிடுகிறது, மஞ்சள் மட்டும் ஊறும். இதையும் பறித்து உள்ளே வையுங்கள்.

அடி கறுத்துக் குழி விழுகிறது: குட்டித் தக்காளியில் அரிது. வந்தால் உப்புத் தண்ணீரும் ஒருநாள் விட்டு ஒருநாள் காயவிட்டதும் சேர்ந்த விளைவு. பழம் மிகச் சிறிசாக, ஆனால் கல்கண்டு போல இனித்தால் அதுவும் உப்பினால்தான். கொஞ்சம் உப்பு இனிப்பைக் கூட்டும், காய்ப்பைக் குறைக்கும். எனக்கு அந்தப் பழம் பிடிக்கும், அதற்காக இரண்டு தொட்டியை 1500 தண்ணீரிலேயே வைத்திருக்கிறேன்.

பூச்சியைப் பற்றிச் சுருக்கமாக. இலையில் வெள்ளையாகப் பாம்பு நெளிந்தது போலக் கோடு இருந்தால் அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள். கோடு அகலமாகித் திட்டுத் திட்டாக இலை காய்ந்து, பழத்தில் குண்டூசி குத்தினது போலத் துளை இருந்தால் ஊசிப்புழு, 2014-ல் மகாராஷ்டிரத்தில் முதலில் தெரிய வந்து பிறகு நம் பக்கமும் இறங்கிவிட்டது. அந்தப் பழத்தையும் இலையையும் எருக்குழியில் போடாமல் எரித்துவிட்டு, இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று கட்டுங்கள். பெரிய ஓட்டை போட்டுப் பாதி உடம்பை வெளியே விட்டுத் தின்கிற பச்சைப்புழுவைக் கையால் பொறுக்கலாம்.

எடுத்து வைத்த விதை வேறு மாதிரி வந்துவிட்டது

முதலில், நீங்கள் விதை எடுத்தது கடையில் வாங்கின கலப்பின ரகமா என்று பாருங்கள். சன்கோல்ட் மாதிரி ரகங்களின் விதையைப் போட்டால் தாய்போல வராது. நாட்டு ரகம்தான் என்றால் பக்கத்துத் தக்காளியோடு மகரந்தம் கலந்திருக்கிறது. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதுதான், ஆனால் சின்னப் பழ ரகங்கள் சிலவற்றில் சூல்முடி வெளியே நீண்டிருக்கும், கருவண்டு அங்கே கலந்துவிடும். விதைக்கென்று ஒரு கொத்தைப் பூ மலர்வதற்கு முன்பே மெல்லிய துணிப்பையில் கட்டி, தினமும் வெளியிலிருந்து சுண்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்துவிட்டு அந்தக் கொத்தில் நூல் கட்டி வையுங்கள்.

நன்றாகப் பழுத்ததைப் பிதுக்கி, சாறோடு டம்ளரில் மூடி வைத்தால் புளித்து மேலே ஆடை கட்டும். இரண்டு நாளே போதும், நம் சூட்டில் அதற்கு மேல் விட்டால் டம்ளருக்குள்ளேயே முளைத்துவிடும். அலசி, தட்டில் பரப்பி நிழலில் ஐந்தாறு நாள் காயவிட்டு, சாம்பலோடு இறுக்கமான புட்டியில் போடுங்கள். கடல் காற்றில் திறந்து வைத்த விதை ஒரு வருடம்கூடத் தாங்காது.

எந்தச் செடியில் விதை எடுப்பது என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். அதிகம் காய்த்தது கிணற்றடிச் செடியாகத்தான் இருக்கும், நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்தது. நான் கடலோர வேலியை ஒட்டி நின்று, கருகின இலையோடு பங்குனிக் கடைசி வரை காய்த்ததைப் பார்த்து எடுக்கிறேன். பொட்டலத்தின் மேல் வருடத்தோடு தண்ணீர் அளவையும் எழுதிவிடுவேன். போன வருடப் பொட்டலத்தில் “வேலியோரம், கிணறு 1450” என்று இருக்கிறது. இந்த ஐப்பசியில் அதிலிருந்து 12 விதை போட்டேன், 11 முளைத்திருக்கிறது.